லெக்ஸியோ டிவீனா: தியானிக்க உட்கார்ந்தால் மறையுரைக் குறிப்பாகிவிடுகிறது. என்ன செய்வது?

அகல்விளக்கு கேட்டது:

இயேசுவுக்கே புகழ்! காலையில் அரை மணி நேரம் ஒதுக்கி லெக்ஸியோ டிவீனா (விவிலியத்தைச் செபமாக வாசிப்பது) முறையில் நற்செய்தி வாசிக்கிறேன். வாசிப்பு, தியானம், செபம், ஆழ்நிலைச் செபம் என நான்கு படிகள் என்பது தெரியும். பங்குக் கோயிலில் கொடுத்த துண்டுத்தாளிலும் அதற்கு மேல் இல்லை. என் சந்தேகங்கள் இவை.

ஒரு நாளைக்கு எவ்வளவு வாசிக்கலாம்? அன்றைய திருப்பலி வாசகத்தை எடுப்பதா, ஒரே நூலைத் தொடர்ந்து வாசிப்பதா? தியானிக்கத் தொடங்கியதும் மனம் தானாகவே மூன்று கருத்துகளைப் பிரித்து மறையுரை (பிரசங்கம்) தயாரிக்கிறது, அதை எப்படி நிறுத்துவது? நன்றாகத் தெரிந்த பகுதியில் கண் ஓடிவிடுகிறது. நான்காவது படியில் உண்மையிலேயே என்னதான் செய்ய வேண்டும்? சும்மா இருந்தால் தூக்கம்தான் வருகிறது. கைபேசியில் வாசிக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

---

பனையோலை:

அளவில்தான் பாதிச் சிக்கல், அதனால் அதை முதலில் சொல்கிறேன். நற்செய்தியில் 6 முதல் 10 வசனம் போதும். ஒரு நிகழ்ச்சி தொடங்கும் இடமும் முடியும் இடமும்தான் எல்லை. அதிகார எண்ணைப் பார்க்காதீர்கள். பவுலின் திருமுகம் என்றால் 4, 5 வசனத்துக்கு மேல் தாங்காது. திருப்பாடல் 119-ஐ எடுத்தால் பிரிக்கும் வேலையே இல்லை: 22 பகுதிகள், பகுதிக்கு 8 வசனம்.

திருப்பலி வாசகமும் சரி, தொடர் வாசிப்பும் சரி. புதிதாகத் தொடங்குபவருக்குத் தொடர் வாசிப்பையே சொல்வேன். மாற்கு நற்செய்தியில் ஏறக்குறைய 670 வசனங்கள், தினம் 7, 8 என்றால் மூன்று மாதத்தில் முடியும். தொடர்ந்து போகும்போது பிடித்ததை மட்டும் பொறுக்க முடியாது, பிடிக்காததையும் கடந்தாக வேண்டும். புனித பெனடிக்டின் ஒழுங்குநூலில் 48ஆம் அதிகாரம் தவக்காலத்தில் துறவி ஒவ்வொருவருக்கும் ஒரு நூலைக் கொடுத்து, அதை வரிசையாக முழுதும் வாசிக்கச் சொல்கிறது. அந்த ஒழுங்கு எழுதப்பட்டது 6ஆம் நூற்றாண்டில். அன்றைய வாசகம்தான் வேண்டும் என்றால் முந்தின நாள் இரவே ஒரு முறை வாசித்துவிட்டுப் படுங்கள். காலையில் புத்தகத்தைத் திறந்து எதை வாசிக்கலாம் என்று தேட ஆரம்பித்தால் பத்து நிமிடம் அதிலேயே போகும்.

அரை மணியை உத்தேசமாக இப்படி வைத்துக்கொள்ளலாம். அமர்ந்து அடங்கவும் தூய ஆவியாரிடம் ஒரு வரி செபிக்கவும் 2 நிமிடம், வாசிப்பு 8, தியானம் 10, செபம் 5, மௌனம் 5. ஒவ்வொரு படிக்கும் அலாரம் வைக்காதீர்கள். கடைசியில் ஒரு மணி அடித்தால் போதும். செபம் முந்திக்கொண்டு வந்தால் செபியுங்கள், வார்த்தை தீர்ந்தால் வாசகத்துக்குத் திரும்புங்கள்.

வாசிப்பு வாய்விட்டு, பக்கத்து அறைக்குக் கேட்காத குரலில். மதிய ஓய்வில் வாசிக்க விரும்புகிறவர் பிறருக்குத் தொந்தரவில்லாமல் வாசிக்கட்டும் என்று அதே 48ஆம் அதிகாரத்தில் ஒரு வரி வருகிறது. அந்தக் காலத்தில் தனியாக வாசிப்பவரும் குரலெடுத்துத்தான் வாசித்தார் என்பது இதிலிருந்து தெரிகிறது. எட்டு வசனத்தைச் சாதாரணமாக வாசித்தால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இங்கே இரண்டரை, மூன்று நிமிடம் எடுக்க வேண்டும். முதல் முறை முழுவதையும் நிறுத்தாமல் வாசியுங்கள். இரண்டாம் முறை எந்த இடத்தில் மனம் நிற்கிறதோ அங்கே நில்லுங்கள். மூன்றாம் முறை அந்த வசனத்தை மட்டும்.

மாற்கு 10:46-52-ஐ எடுத்துக்கொள்வோம். எரிகோவை விட்டுப் போகும் வழி, ஓரத்தில் பார்வையற்ற பர்த்திமேயு. கூட்டம் அவரை அதட்டுகிறது, அவர் இன்னும் உரக்கக் கத்துகிறார். இயேசு நிற்கிறார். நேரில் போகாமல், அவரைக் கூப்பிடச் சொல்கிறார். சற்று முன் அதட்டியவர்களே இப்போது தைரியம் சொல்லி எழுப்புகிறார்கள். மேலுடையை எறிந்துவிட்டு அவர் வருகிறார். 'உமக்கு நான் என்ன செய்ய வேண்டும்?' என்று இயேசு கேட்கிறார். தொடர்ந்து வாசித்து வந்தவருக்கு இங்கே ஒன்று தட்டும். இதே கேள்வி 36ஆம் வசனத்தில் சீடர்களான யாக்கோபு, யோவானிடமும் கேட்கப்பட்டது. அவர்கள் கேட்டது வலப்பக்கமும் இடப்பக்கமும் இருக்கை. இவர் கேட்பது பார்வை. இவ்வளவும் முதல் படியிலேயே வந்துவிடும், விளக்கவுரை தேவையில்லை.

இங்கிருந்துதான் உங்கள் சிக்கல் ஆரம்பிக்கிறது. 'இதிலிருந்து என்ன கற்றுக்கொள்கிறோம்?' என்று கேட்ட மறுநொடி மறையுரை தயார்: விடாமுயற்சி, நம்பிக்கை, சீடத்துவம். கேள்வியே தவறு, கேட்டால் அப்படித்தான் பதில் வரும். அதற்குப் பதில் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து, மெதுவாக, நாலைந்து முறை சொல்லுங்கள். கேட்கப்படுவது நீங்கள் என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள். உங்களிடமிருந்து என்ன பதில் எழுகிறது? அது இருக்கையா, பார்வையா? பதில் எழுந்ததும் அதை அவரிடமே சொல்லிவிடுங்கள். அங்கே மூன்றாம் படி தொடங்கிவிட்டது.

எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று பார்க்க எளிய வழி, மனதுக்குள் ஓடும் வாக்கியத்தைக் கவனிப்பது. 'நாம் அனைவரும் இப்படி இருக்க வேண்டும்' என்று ஓடினால் அது மறையுரை. 'நீர் கேட்கிறீர், எனக்குப் பதில் தெரியவில்லை' என்று ஓடினால் செபம். நல்ல கருத்து ஏதாவது வந்து தொல்லை செய்தால் பக்கத்தில் உள்ள தாளில் நாலு சொல்லில் குறித்துவிட்டு விட்டுவிடுங்கள். அங்கேயே வளர்க்க வேண்டாம். மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் குருக்களுக்கும்தான் இந்தத் தொல்லை அதிகம். அவர்கள் ஞாயிறு வாசகத்தை இந்த நேரத்துக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது.

நான்காம் படி. இந்த நான்கையும் ஏணிப்படிகளாக எழுதி வைத்தவர் இரண்டாம் குய்கோ. 12ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பெரிய கார்த்தூசியன் மடத்தின் 9ஆம் தலைவர். வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் மெல்லுகிறது, செபம் சுவையை எடுக்கிறது, ஆழ்நிலைச் செபம் என்பது அந்த இனிமையேதான் என்கிறார். முதல் மூன்றும் நம் வேலை. நான்காவது கொடுக்கப்படுவது, அதற்கு உத்தி கிடையாது. நம் பங்கு, பேச்சை நிறுத்திவிட்டு அங்கேயே இருப்பது. மனம் வெளியே போனால் அந்த வரியை ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு மறுபடியும் மௌனம். நூறு முறை உருப்போட வேண்டாம், மனதைக் காலியாக்கும் முயற்சியும் வேண்டாம். பெரும்பாலான நாள்களில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பதாக மட்டும்தான் இருக்கும். அதையும் குறைவாக எண்ண வேண்டாம்.

தூக்கத்துக்கு: கட்டிலில் உட்காராதீர்கள். முதுகு நேராக, பாதம் தரையில் பதிய நாற்காலியில். மௌன நேரத்தில் கண்ணை மூடாமல் பக்கத்தின் மேலேயே வைத்திருக்கலாம். அப்படியும் சொக்கினால் எழுந்து நின்று ஒரு முறை உரக்க வாசியுங்கள். இரவு பதினோரு மணி வரை விழித்திருந்துவிட்டு நான்கரைக்கு எழுபவருக்கு வருவது ஆன்மிகச் சோதனை அல்ல, உடம்பின் கடன்.

---

கல்மண்டபம்:

ஸ்தோத்திரம். சீர்திருத்த சபையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் இதைக் கத்தோலிக்க வழக்கம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு, ஆனால் லூத்தர் ஒதுக்கவில்லை. 1535-ல் தன் முடிதிருத்துபவரான பேதுருவுக்கு ஜெபிப்பது எப்படி என்று ஒரு சிறுநூல் எழுதிக் கொடுத்தார். பத்துக் கற்பனைகளில் (கட்டளைகளில்) ஒவ்வொன்றையும் நான்கு இழையாகப் பிரிக்கச் சொல்கிறார்: இது எனக்குப் போதிப்பது என்ன, இதற்காக எதற்கு நன்றி சொல்வேன், எதை அறிக்கையிடுவேன், எதைக் கேட்பேன். ஜெபிக்கும்போது பரிசுத்த ஆவியானவரே உள்ளே பேச ஆரம்பித்தால் இந்த நான்கையும் விட்டுவிட்டு அமர்ந்து கேள் என்றும் அதிலேயே சொல்கிறார். பனையோலை ஐயா சொன்ன நான்காம் படி இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. தியானம் பிடிபடாத நாளில் இந்த நான்கு கேள்விகள் நல்ல கைப்பிடி.

தொடர் வாசிப்பில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோபர் 1935 முதல் 1937 வரை ஃபின்கன்வால்டே இறையியல் பள்ளியை நடத்தியபோது மாணவர்களுக்குக் காலையில் அரை மணி நேரத் தியானம் கட்டாயம். ஒரே சிறு பகுதி, வாரம் முழுவதும். விளக்கவுரை கூடாது, மூல மொழி ஆராய்ச்சி கூடாது, பிரசங்கத் தயாரிப்பும் கூடாது. அத்தனை பேரும் போதகர் ஆகப் போகிறவர்கள் என்பதைக் கவனியுங்கள். முதல் இரண்டு நாள் கருத்துகள் கொட்டும், மூன்றாம் நாள் தீர்ந்துவிடும். சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் வசனத்தின் முன் உட்காருவது அதற்குப் பிறகுதான். மூன்று கருத்துத் தொல்லை உள்ளவருக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை என்பது என் எண்ணம்.

தெரிந்த பகுதியில் கண் ஓடுவதற்கு: ஒரு அஞ்சலட்டையை எடுத்து, வாசிக்கும் வரிக்குக் கீழே உள்ளதை மூடிக்கொள்ளுங்கள். ஒரு வரி முடித்து மூச்சு விட்டபின் அட்டையை இறக்குங்கள். மனப்பாடமான சங்கீதம் (திருப்பாடல்) என்றால் கையால் எழுதுங்கள், அச்செழுத்து போல, நிதானமாக. சங்கீதம் 23-ஐ அப்படி எழுதிப் பாருங்கள். முதல் மூன்று வசனத்தில் தாவீது கர்த்தரைப் பற்றிப் பேசுகிறார்: மேய்க்கிறார், நடத்துகிறார், தேற்றுகிறார். நான்காம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் 'தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்' என்று நேராக அவரிடமே திரும்பிவிடுகிறார். மேலே சொன்ன 'நாம்', 'நீர்' சோதனை அங்கே அச்சாகவே இருக்கிறது. சிறுவயதிலிருந்து ஒப்பித்த வாய்க்கு அது தெரியாது, எழுதும் கைக்குத் தெரியும்.

எங்கள் சபைகளின் பழைய பவர் மொழிபெயர்ப்பில் வளர்ந்தவர் கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தையோ, திருவிவிலியத்தில் வளர்ந்தவர் பழைய மொழிபெயர்ப்பையோ எடுத்தாலும் வேகம் குறையும். ஆனால் இரண்டையும் பக்கத்தில் விரித்து ஒப்பிடாதீர்கள். ஒப்பிட ஆரம்பித்தால் அது படிப்பாகிவிடும்.

கைபேசியைத் தவிர்ப்பது நல்லது. செய்தி வருவது ஒரு பக்கம், அதை விமானப் பயன்முறையில் போட்டு அடக்கிவிடலாம். பெரிய தொல்லை விரல்: ஓரிடத்தில் நிற்காமல் தள்ளிக்கொண்டே போகும் பழக்கம் அதற்கு. ஒத்துவாக்கிய (அதே கருத்துள்ள வேறு வசனங்களின்) இணைப்புகளைத் தட்டினால் பத்து நிமிடத்தில் எசேக்கியேலில் நிற்பீர்கள். வேறு வழி இல்லை என்றால் அன்றைய பகுதியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

---

சிற்றாறு:

ஒரு எச்சரிக்கை. பின்னணி தெரியாமல் ஒரு வரியில் நிற்பது ஆபத்து. நல்ல எதிர்காலம் தருவேன் என்னும் எரேமியா 29:11 எத்தனை வாக்குத்தத்த அட்டைகளில், எத்தனை நாட்காட்டிகளில் இருக்கிறது! அது பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எழுதின கடிதம். முந்தின வசனமே 70 ஆண்டு ஆகும் என்கிறது. கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பும் வயதைத் தாண்டிவிடுவார்கள். இந்த மாதமே வேலை கிடைக்கும் என்று அதை 'பெற்றுக்கொள்வது' தியானம் ஆகாது. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைக்கிற பழக்கமும் இதே வகைதான். வசனம் பேசியது என்று சொல்லிக் கல்யாணம், வீடு, வேலை எல்லாம் முடிவு செய்கிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

---

பனையோலை:

சிற்றாறு சொல்வது சரி. அதனால்தான் முதல் வாசிப்பில் முழுப் பகுதியையும் நிறுத்தாமல் வாசிக்கச் சொன்னேன். 'இந்த வாசகம் தன்னளவில் என்ன சொல்கிறது?' என்ற கேள்வியை முதலில் கேட்காவிட்டால் நம் எண்ணத்தையே சுற்றிச் சுற்றி வருவோம் என்று திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2010-ல் வெளியிட்ட 'வெர்பும் டோமினி' ஏட்டின் 87ஆம் பத்தியும் எச்சரிக்கிறது. பின்னணியை முந்தின இரவே பார்த்துவிடுங்கள். யார், யாரிடம், எந்தச் சூழலில் என்ற மூன்றுக்கும் நூலின் முன்னுரையும் அடிக்குறிப்பும் போதும், ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. காலையில் அடிக்குறிப்பைத் தொட வேண்டாம்.

முடிவெடுப்பது பற்றி: ஒரு நாள் தியானத்தை வைத்துப் பெரிய முடிவு எடுக்கக் கூடாது. மனம் வறண்டு கலங்கியிருக்கும் வேளையில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது புனித இஞ்ஞாசியாரின் விதி. மனம் பொங்கும் நாளிலும் நிதானம் வேண்டும். ஒரே அழைப்பு பல வாரம், வெவ்வேறு வாசகங்களில் திரும்பத் திரும்ப வந்தால் ஆன்ம குருவிடமோ விவரம் தெரிந்த பெரியவரிடமோ கொண்டுபோங்கள்.

இன்னொன்று, வசனத்தை அடுத்தவருக்கு அனுப்பிவைக்கும் நோய். 'இது நம்ம நாத்தனாருக்கே எழுதியது' என்று தோன்றினால் அந்த வசனத்தை விட்டு நகராதீர்கள். பெரும்பாலும் அது உங்களுக்குத்தான்.

சில பகுதிகள் தொடக்கத்துக்கு ஆகாது. திருப்பாடல் 137 முதல் வசனத்தில் அழவைத்துவிட்டு 9ஆம் வசனத்தில் பழிவாங்கும் சொல்லால் திடுக்கிட வைக்கும். அதைத் தவிர்க்கச் சொல்லவில்லை, ஆனால் முதல் ஆண்டில் வேண்டாம். லேவியர் நூல், தலைமுறை அட்டவணைகளும் அப்படியே.

---

அகல்விளக்கு:

மிக்க நன்றி ஐயா, கல்மண்டபம் அவர்களுக்கும். இரண்டு கேள்வி பாக்கி. எதுவுமே பிடிபடாத நாளில் என்ன செய்வது? அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் குழுவில்) பத்துப் பேரை வைத்து இதைச் செய்ய முடியுமா?

---

கல்மண்டபம்:

பிடிபடாத நாளில் வேறு பகுதிக்குத் தாவாதீர்கள். தாவ ஆரம்பித்தால் சுவையான வசனம் கிடைக்கும் வரை தேடல்தான் நடக்கும். அதே பகுதியில் முதல் வினைச்சொல்லை எடுங்கள்: நின்றார், கேட்டார், எழுந்தான். அதை வைத்து ஒரு வரி ஜெபம், அது போதும். அதுவும் வரவில்லை என்றால் பகுதியை மூன்று முறை வாசித்து, கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லி, அரை மணி முடியும் வரை உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். வறண்ட நாளில் நேரத்தைக் குறைக்கும் பழக்கம் மட்டும் வரக் கூடாது. நாளடைவில் நல்ல நாளும் குறுகிவிடும். கவனம் சிதறுவதற்கும் ஒரு தாள் போதும்: பால் பாக்கி, கேஸ் பதிவு, பிள்ளையின் கட்டணம் என்று வருவதை எழுதி ஓரம் வையுங்கள்.

---

பனையோலை:

அன்பியத்தில் தாராளமாகச் செய்யலாம். 1980 முதல் 2002 வரை மிலான் பேராயராக இருந்த கார்டினால் மார்ட்டினி இளைஞர்களைப் பேராலயத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டி இதைக் கற்றுக்கொடுத்தார். நம் அன்பியங்களில் பழகிய ஏழு படி முறையும், தென்னாப்பிரிக்காவின் லும்கோ மையத்தில் உருவானது, இதற்கு உறவுதான். ஆனால் அதில் ஆறாம் படி என்ன செய்யலாம் என்ற கலந்துரையாடல். பேச்சு அங்கே நீண்டுவிடும்.

பத்துப் பேர் என்றால் 45 நிமிடம் வையுங்கள். ஒரே பகுதியை மூன்று பேர் மூன்று முறை வாசிக்கட்டும், ஆணும் பெண்ணும் மாறி மாறி. ஒவ்வொரு வாசிப்புக்குப் பின்னும் முழு 2 நிமிடம் மௌனம், ஒருவர் கடிகாரம் பார்த்துக்கொள்ளட்டும். முதல் சுற்றில் மனதில் நின்ற சொல்லை மட்டும் சொல்வது. இரண்டாம் சுற்றில் 'நான்' என்று தொடங்கும் ஒரே வாக்கியம். மூன்றாம் சுற்றில் 'ஆண்டவரே' என்று தொடங்கும் ஒரே வாக்கியம். சொல்ல விருப்பமில்லாதவர் 'அடுத்தவர்' என்று சொல்லிவிடலாம். யாரும் யாருக்கும் பதிலோ ஆறுதலோ விளக்கமோ சொல்லக் கூடாது.

இது கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, விவரம் தெரிந்த ஒருவர் எபிரேயப் பின்னணி சொல்ல ஆரம்பிப்பார். தொடங்கும் முன்பே அவரிடம் ஒரு வாசிப்பைக் கொடுத்து அன்பாகச் சொல்லிவிடுங்கள். மற்றது, மௌனம் அரை நிமிடத்தைத் தாண்டியதும் நடத்துபவருக்கே பதற்றம் வந்து பாட்டை எடுத்துவிடுவார். நம் ஊர் செபக் கூட்டங்களில் இது பழக்கம். பாட்டை முதலிலும் முடிவிலும் மட்டும் வையுங்கள்.

மாற்கு தொடங்குவதாக இருந்தால் முதல் அதிகாரத்தை 1-8, 9-13, 14-20, 21-28, 29-39, 40-45 என்று ஆறு நாளாகப் பிரிக்கலாம். 5:21-43-ஐ மட்டும் வெட்டாதீர்கள். யாயிரின் மகள் நிகழ்ச்சிக்கு நடுவே இரத்தப்போக்குள்ள பெண்ணின் நிகழ்ச்சி வருகிறது, யாயிர் காத்திருக்கும் நேரம் அதுதான். இரண்டு நாளும் முழுவதையும் வாசித்துவிட்டு, முதல் நாள் அந்தப் பெண்ணோடும் மறுநாள் யாயிரோடும் நில்லுங்கள்.